குவாசர்களின் முகம் எந்தப் பக்கம்?

வானத்தில் காணப்படுகிற எந்தப் பொருளைப் பற்றியும் நம் மக்கள் முதலில் கேட்கிற கேள்வி, அது நமக்கு நல்லது செய்யுமா, கெடுதல் செய்யுமா என்பதேயாகும். சனி பார்க்கிறான், குரு பார்க்கிறான், ஏழாம் பார்வை, பத்தாம் பார்வை என்று கிரகங்களுக்கெல்லாம் கண்ணும் பார்வையும் கற்பித்து, அந்தப் பார்வைக்குப் பரிகாரம் சொல்லிக் காசு வாங்கிப் பிழைக்கிற கூட்டம் இன்றைக்கும் இருந்துதான் வருகிறது. ஆனால் வானத்திலுள்ள ஒரு பொருள் உண்மையிலேயே எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அது நம்மை நோக்கி இருக்கிறதா அல்லது வேறு எங்கோ நோக்கி இருக்கிறதா என்பதை அளந்து பார்த்து, கணக்குப் போட்டு, சாட்சியத்தோடு ருஜுப்பிக்கிற வேலையும் உலகத்தில் 60 வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. அந்த வேலை இன்னதென்று நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லுவதும், அதற்கு இப்போது நேர்ந்திருக்கிற ஓர் ஆபத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தை வெளியிடுவதுமே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

குவாசர் என்பது என்ன? 1962-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னுமிடத்திலுள்ள ரேடியோ டெலிஸ்கோப்பைக் கொண்டு சிரில் ஹாஸார்டும் அவரது தோழர்களும் 3சி 273 என்று எண்ணிடப்பட்ட ஒரு ரேடியோப் பொருளைக் கவனித்தார்கள். சந்திரன் அந்தப் பொருளுக்கு முன்னால் நகர்ந்து அதை மறைக்கும்போது ரேடியோ அலை நின்ற நேரத்தையும், விலகும்போது அலை மறுபடி வந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, அது இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கண்டார்கள். கிரகணம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருகிறவர்களும் மனிதர்கள்தான். சந்திரன் மறைப்பதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு வானத்தை அளந்தவர்களும் மனிதர்கள்தான். அந்த இடத்தில் நட்சத்திரம் போன்ற ஒரு புள்ளி இருந்தது. 1963-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மார்ட்டன் ஷ்மிட் என்பவர், அமெரிக்காவில் பாலோமர் மலையிலுள்ள 200 அங்குல டெலிஸ்கோப்பில் எடுத்த அதன் நிறமாலையைப் பார்த்து, அதன் கோடுகள் சிவப்புப் பக்கமாக 100-க்கு 16 பங்கு நகர்ந்திருப்பதைக் கண்டுகொண்டார். அதற்கு அர்த்தம், அது நட்சத்திரமே அல்ல, சுமார் 240 கோடி ஒளி வருஷத்துக்கு அப்பால் இருப்பது என்பதாகும். அவ்வளவு தூரத்திலிருந்து நட்சத்திரம் போலத் தெரிய வேண்டுமானால், ஒரு முழு நட்சத்திர மண்டலத்தைவிடப் பல மடங்கு ஒளி அதற்கு இருக்க வேண்டும். ஒரு பெரிய கருந்துளை, தன்னைச் சுற்றியுள்ள வாயுவை உள்ளே இழுக்கும்போது உண்டாகும் வெப்பமும் ஒளியுமே குவாசர் என்று இப்போது முடிவாகியிருக்கிறது.

நிற்க, குவாசர்கள் கண்டுபிடிக்கப்பட்டவுடன் ஒரு குழப்பமும் கூடவே வந்தது. சில பொருள்கள் நடுவில் கண்ணைக் கூசும்படி பிரகாசித்தன. அவைகளுக்குக் குவாசர் என்று பெயர். சில பொருள்கள் நடுவில் மங்கலாகவும், இரண்டு பக்கத்திலும் லட்சக்கணக்கான ஒளி வருஷ தூரத்துக்கு ரேடியோ மடல்கள் விரிந்தவைகளாகவும் இருந்தன. அவைகளுக்கு ரேடியோ மண்டலம் என்று பெயர். வேறு சில, நாளுக்கு நாள் பிரகாசம் மாறிக்கொண்டு துள்ளின. அவைகளுக்குப் பிளேஸர் என்று பெயர். பெயர் வேறு வேறாக இருப்பதால் பொருளும் வேறு வேறு என்று வைத்துக்கொள்ளுவது சுலபமான வழி. பெயரிடுகிறவனுக்கும் அதில் வேலை மிச்சம். ஆனால் சிலர் வேறொரு கேள்வி கேட்டார்கள். "வித்தியாசம் பொருளில் இருக்கிறதா, அல்லது நாம் நின்று பார்க்கிற இடத்தில் இருக்கிறதா?" என்பதே அக்கேள்வி.

இதை வாசகர்கள் சுலபத்தில் விளங்கிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் திறந்த ஒரு கிணற்று உறையைத் தரையில் படுக்கவைத்து, அதன் நடுவில் ஒரு விளக்கை ஏற்றி வைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உறையின் வாய்ப்பக்கமாக நிற்கிறவன் விளக்கைக் கண்டு, "இது வெளிச்சம்" என்பான். பக்கவாட்டில் நிற்கிறவன் சுவரைக் கண்டு, "இது வெறும் உறை" என்பான். இருவரும் கண்டதைத்தான் சொல்லுகிறார்கள். ஆனாலும் இருவரும் சேர்ந்து இரண்டு பொருள்கள் உண்டென்று சாதித்தால் அது தப்பாகும். குவாசர் விஷயத்தில் உறை என்பது கருந்துளையைச் சுற்றியுள்ள தூசி வளையம். வளையத்தின் இரண்டு வாய்களின் வழியாகவும் ஒளி வேகத்துக்குச் சமீபமான வேகத்தில் இரண்டு தாரைகள் எதிரெதிராகப் பீச்சிக்கொண்டு வெளியேறுகின்றன. அவை வெகு தூரம் போய் முட்டுகிற இடங்களே அந்த ரேடியோ மடல்கள். 1953-ம் வருஷத்திலேயே ஜென்னிசன் என்பவரும், நம் நாட்டவரான தாஸ் குப்தாவும் இங்கிலாந்தில் ஜோட்ரெல் பாங்க் நிலையத்திலிருந்து, சிக்னஸ் ஏ என்ற பொருளின் ரேடியோ அலை இரண்டு தனித்தனி இடங்களிலிருந்து வருவதைக் காட்டினார்கள். அந்த இரண்டு இடங்களும் இரண்டு மடல்களே.

ஆனால் இப்படியிருக்கலாம் என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. "இருக்கலாம்" என்பது யூகம். யூகத்துக்குச் சாட்சியம் வேண்டும். குவாசரைச் சுற்றிப்போய் மறுபக்கம் பார்த்துவிட்டு வர எவராலும் ஆகாது. ஆகையால் நின்ற இடத்தில் இருந்துகொண்டே அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அறிய வழி வேண்டும். அந்த வழியைக் கொடுத்தது ரேடியோவேயாகும். தூசி கண்ணொளியைத் தடுக்கும். ரேடியோ அலையைத் தடுக்காது. மேலும் தூரத்திலுள்ள மடல்களில் வாயு மெதுவாக நகருவதால், அவை எல்லாத் திசைக்கும் சமமாக அலைகளை அனுப்புகின்றன. நடுவிலுள்ள தாரையின் அடியோ மிகுந்த வேகத்தில் போவதால், போகிற திசையிலேயே தன் ஒளியைக் குவித்து அனுப்புகிறது. எனவே ஒரு பொருளில் மடல்களைவிட நடுப்புள்ளி ஓங்கியிருந்தால் தாரை நம் பக்கம் பார்க்கிறது என்றும், நடுப்புள்ளி மங்கியிருந்தால் தாரை பக்கவாட்டில் போகிறது என்றும் கணிக்கலாம்.

1982-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஆர், பிரௌன் என்பவர்களும், நம் நாட்டில் விஜய் கபாஹி, சைகியா என்பவர்களும் இந்த அளவைக் கையாண்டார்கள். சாய்வுதான் காரணமென்றால், நடுப்புள்ளி ஓங்கியவை நமக்கு எதிர்முகமாக இருப்பதால் குறுகித் தெரிய வேண்டும். சிறு வளைவுகூட அவைகளில் பெரிய வளைவாகத் தோன்ற வேண்டும். கபாஹியும் சைகியாவும் இதைச் சோதித்தபோது, சாட்சியங்கள் பொதுவாக அந்த எதிர்பார்ப்புக்கு ஒத்தே இருந்தன. இந்த இடத்தில் நம் நீலகிரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் என்பவரின் தலைமையில் 1970-ல் முடிக்கப்பட்ட ரேடியோ டெலிஸ்கோப் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ளது. அந்த மலைச்சரிவு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. ஆகவே சரிவின் மேல் தெற்கு வடக்காகப் படுத்திருக்கிற அந்தக் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிவிடுகிறது; அதை ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கலாம். சந்திரன் ரேடியோப் பொருள்களை மறைப்பதைக் கவனிப்பதற்காகவே அது கட்டப்பட்டது. மலைச்சரிவைக் கண்டால் கோயில் கட்ட இடம் தேடுகிறவர்கள் மலிந்த நாட்டில், அதன் சாய்வை அளந்து பார்க்கிறவர்களும் இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமையல்லவா?

இனி, கண் எப்படி ஏமாறும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம். 1971-ம் வருஷத்தில் வெகு தூரத்திலிருக்கிற இரண்டு ரேடியோ டெலிஸ்கோப்புகளைச் சேர்த்து 3சி 273, 3சி 279 என்ற குவாசர்களைப் பார்த்தபோது, அவைகளின் உட்பகுதிகள் ஒளியைவிடப் பல மடங்கு வேகத்தில் நகருவது போலத் தோன்றியது. ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்ற விதி பொய்யாய்ப் போயிற்றா? இல்லை. மார்ட்டின் ரீஸ் என்பவர் 1966-லேயே, இப்படி ஒரு தோற்றம் உண்டாகக் கூடும் என்று எழுதியிருந்தார். கணக்கை வாசகர்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு வாயுத்துண்டு ஒளியின் வேகத்தில் 100-க்கு 99 பங்கு வேகத்தோடு, நம் பார்வைக் கோட்டிலிருந்து 8 டிகிரி மட்டும் விலகி, நம்மை நோக்கி 100 வருஷம் பிரயாணம் செய்கிறது. அது கடந்த தூரம் 99 ஒளி வருஷம். அதில் நம்மை நோக்கி வந்தது 98. பக்கவாட்டில் நகர்ந்தது சுமார் 14. புறப்படும்போது அனுப்பிய ஒளி 100 ஒளி வருஷம் முன்னே வந்திருக்க, துண்டும் 98 ஒளி வருஷம் பின்னாலேயே வந்துவிட்டது. ஆகையால் இரண்டாவது ஒளி நமக்கு 2 வருஷம் மட்டுமே பிந்திக் கிடைக்கிறது. 2 வருஷத்தில் 14 ஒளி வருஷம் பக்கவாட்டில் நகர்ந்தது என்று கண் சொல்லுகிறது. அதாவது ஒளியைப் போல் 7 மடங்கு! கண் பொய் சொல்லவில்லை. கண் சொன்னதை விசாரிக்காமல் நம்பியிருந்தால் நாம்தான் ஏமாந்திருப்போம். அன்றியும், துண்டு நம்மை ஏறக்குறைய நேராக நோக்கி வந்தாலன்றி இந்தத் தோற்றம் உண்டாகாது. ஆகவே இந்த அதிசயமே குவாசரின் முகம் எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு சாட்சியாயிற்று.

பிறகு 1989-ம் வருஷத்தில் பீட்டர் பார்த்தெல் என்னும் டச்சுக்காரர் ஒரு நேர்மையான கணக்கெடுப்பு நடத்தினார். நேர்மையான என்று ஏன் சொல்லுகிறோம் என்றால், எந்தக் கணக்கெடுப்பிலும் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு அடங்கிவிடுகிறது. கண்ணொளியிலோ, உயர்ந்த அதிர்வெண்ணிலோ பொருள்களைப் பொறுக்கினால், நம்மை நோக்கியவைகளே அதிகமாக அகப்படும். 178 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் பொறுக்கினால், எல்லாத் திசைக்கும் சமமாக ஒளிர்கிற மடல்களே பேசும். முகம் எப்பக்கம் இருந்தாலும் பெயர் பதிவாகும். அப்படிப் பொறுக்கிய கேம்பிரிட்ஜ் ஜாபிதாவில், குறிப்பிட்ட தூர எல்லைக்குள் குவாசர்கள் 12-ம், ரேடியோ மண்டலங்கள் 30-ம் இருந்தன. மொத்தம் 42-ல் 12 என்றால் 100-க்கு 28 அல்லது 29 ஆகும். பொருள்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத் திரும்பியிருந்தால், பார்வைக் கோட்டிலிருந்து சுமார் 44 டிகிரிக்குள் முகம் காட்டுகிறவை இத்தனை பங்குதான் இருக்கும். எனவே 44 டிகிரிக்குள் இருப்பவை குவாசராகவும், மற்றவை ரேடியோ மண்டலமாகவும் தெரிகின்றன என்றார் பார்த்தெல். அதோடு விடவில்லை. அது உண்மையானால் குவாசர்கள் ரேடியோ மண்டலங்களில் பாதியளவே நீளமாகத் தெரிய வேண்டுமல்லவா? அளந்து பார்த்தார், ஏறத்தாழ அப்படியே இருந்தது. எண்ணிக்கை ஒரு சாட்சி, நீளம் மற்றொரு சாட்சி. இரண்டும் ஒன்றையொன்று கலந்து பேசிக்கொள்ளாத சாட்சிகள்.

அதற்கு முந்திய வருஷமாகிய 1988-ல் லெயிங், கேரிங்டன் முதலியவர்கள் மூன்றாவது சாட்சியையும் கொண்டுவந்தார்கள். இரண்டு மடல்களில் எது நமக்குக் கிட்டே, எது எட்டே? எட்ட இருக்கிற மடலின் அலை, நடுவிலுள்ள காந்தமேறிய வாயுவை அதிகமாகக் கடந்து வருவதால், அதன் அலையாட்டத்தின் ஒழுங்கு அதிகமாகக் கலைந்துவிடும். அவர்கள் பார்த்ததில், தாரை பிரகாசமாகத் தெரிகிற பக்கத்து மடலிலேயே ஒழுங்கு கலையாமல் இருந்தது. ஆகவே தாரை தெரிகிற பக்கம் நம்மை நோக்கிய பக்கம் என்பது நிச்சயமாயிற்று.

"கண்ணுக்குத் தெரியாத வளையத்துக்குள் குவாசர் ஒளிந்திருக்கிறது என்கிறீர்களே, கண்ணுக்குத் தெரியாத தெய்வத்தை நாங்கள் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளுவதில்லையே?" என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வித்தியாசம் இதுவாகும். ஒளிந்திருக்கிற விளக்கின் ஒளி, உறைவாயின் வழியே வெளிப்பட்டு மேலேயுள்ள தூசியில் பட்டுத் தெறித்து நம்மிடம் வர வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டது. தெறித்த ஒளியை நேர் ஒளியினின்றும் பிரித்துவிடலாம். 1997-ம் வருஷத்தில் சிக்னஸ் ஏ-யின் தெறித்த ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, குவாசரின் அடையாளமான அகன்ற கோடு அதில் இருந்தது. தெய்வத்துக்கும் இப்படி ஒரு சோதனையை யாராவது முன்கூட்டிச் சொல்லி, தோற்றால் விட்டுவிடுகிறோம் என்று ஒப்புக்கொண்டு வருவார்களானால், நாமும் வரவேற்கத் தயாராயிருக்கிறோம்.

அதுமாத்திரமல்ல, இந்தக் கொள்கையையும் எவரும் வேதவாக்காக வைத்துக்கொள்ளவில்லை. அசோக் சிங்கல் என்ற இந்திய விஞ்ஞானி, இக்கணக்கு மற்றத் தூரங்களிலுள்ள பொருள்களுக்குப் பொருந்தவில்லை என்று 1993-லேயே எதிர்த்து எழுதினார். 2006-ல் ஸ்பிட்ஸர் என்ற விண்வெளி டெலிஸ்கோப்பைக் கொண்டு வெப்ப ஒளியில் பார்த்தபோது, பல ரேடியோ மண்டலங்களில் ஒளிந்திருக்கும் குவாசருக்குரிய வெப்பமே இல்லை என்று தெரிந்தது. ஆகவே சாய்வு பெரும்பகுதியை விளக்குகிறது, முழுவதையும் விளக்கவில்லை என்பதே இன்றைய நிலை. எதிர்த்து எழுதியவரை யாரும் நாஸ்திகர் என்று தள்ளிவைக்கவில்லை. அவர் எழுதியதும் அச்சாயிற்று.

மற்றொரு விஷயம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹுட்ஸமேக்கர்ஸ் என்பவரும் அவரது தோழர்களும் 1998-லும், பிறகு 2014-லும், கோடிக்கணக்கான ஒளி வருஷ இடைவெளியிலுள்ள குவாசர்களின் அச்சுகள்கூட ஒன்றுக்கொன்று சமமாகத் திரும்பியிருப்பதாகத் தெரிகிறது என்று வெளியிட்டார்கள். 2014-ல் அவர்கள் பார்த்த குவாசர்கள் 93; அளவு திட்டமாகக் கிடைத்தவை 19. இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, எல்லாவற்றையும் ஒருவன் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறான்" என்று துள்ளிக் குதிக்க ஆசைப்படுகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். 2007-ல் நாலாயிரத்துக்கு மேற்பட்ட ரேடியோப் பொருள்களை ஆராய்ந்தவர்கள் அப்படி ஒழுங்கு எதுவும் காணவில்லை. 2016-ல் டெய்லரும் ஜகன்னாதனும், புனாவுக்கு வடக்கேயுள்ள 30 தட்டுகள் கொண்ட பெரிய ரேடியோ டெலிஸ்கோப்பினால் வானத்தின் ஒரு சிறு பகுதியைப் பார்த்து, அங்கே தாரைகள் ஒழுங்காயிருப்பதாகச் சொன்னார்கள். 2020-ல் லோஃபார் என்ற ஐரோப்பிய ரேடியோ டெலிஸ்கோப்பில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களைப் பார்த்தவர்கள், தட்டையாகப் பார்த்தால் ஏதோ ஒழுங்கு தெரிகிறது, தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது நிற்கவில்லை என்றார்கள். எனவே இது இன்னும் தீராத வழக்கு. தீராத வழக்கில் தீர்ப்புச் சொல்லாமலிருப்பதும் அறிவின் வேலையேயாகும்.

இதனால் ஏழைக்கு என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. மிகத் தூரத்திலிருப்பதால் குவாசர்கள் வானத்தில் நகராத குறிகளாக நிற்கின்றன. 1998 முதல் உலகத்தார் திசையை அளக்கும் சட்டமே அவைகளின் ரேடியோ இடங்களைக் கொண்டு அமைக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய சட்டத்துக்கு ஆதாரமாக 303 பொருள்கள் இருக்கின்றன. பூமி சுழலும் வேகத்தில் உண்டாகும் மிகச்சிறிய மாறுதலையும் அவைகளைக் கொண்டே அளக்கிறார்கள். அந்த அளவு இல்லாவிட்டால், கைப்பேசி காட்டுகிற இடம் நாளடைவில் பிசகிக்கொண்டே போகும். படகோட்டி கரை திரும்புவதற்கும் குவாசர் உதவி செய்கிறது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும்.

இப்போது ஆபத்துக்கு வருவோம். முகம் எந்தப் பக்கமிருந்தாலும் பேதமின்றிப் பதிவு செய்கிற நடுநிலைச் சாட்சி தாழ்ந்த அதிர்வெண் ரேடியோவே என்று மேலே சொன்னோம். அந்தச் சாட்சியின் காதுக்கருகேதான் இப்போது கூச்சல் போடப்படுகிறது. இன்டர்நெட்டுக்காகத் தனியார் ஆயிரக்கணக்கான செயற்கைச் சந்திரர்களைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். 2023-ல் வெளியான லோஃபார் ஆராய்ச்சியில், கவனிக்கப்பட்ட 68-ல் 47, 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் ரேடியோ அலையைக் கசிய விடுவது கண்டுபிடிக்கப்பட்டது. அது செய்தி அனுப்புகிற அலையல்ல. உள்ளேயிருக்கும் மின்கருவிகளிலிருந்து ஒழுகுகிற அலை. வான ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கப்பட்ட 150 மெகாஹெர்ட்ஸுக்கு அடுத்த பகுதிகூடத் தப்பவில்லை. 2024-ல் வெளியான ஆராய்ச்சியோ, பின்னால் அனுப்பப்பட்டவைகளின் கசிவு முந்தியவைகளைவிட 32 மடங்குவரை அதிகம் என்று காட்டிற்று.

குக்கிராமத்துக்கு இன்டர்நெட் வரக்கூடாதென்று நாம் சொல்லவில்லை. வரட்டும், அது மக்களுக்கு நல்லதே. ஆனால் ஒழுகுகிற பாத்திரத்தை அடைத்துக் கொடு என்று கேட்பது வியாபாரத்துக்கு விரோதமா? மின்கருவிகளுக்குக் கவசம் போடுவதும், பறக்கவிடுவதற்கு முன் கசிவைச் சோதிப்பதும் மனிதனால் ஆகாத காரியங்களல்ல. சர்வதேச விதிகள், வேண்டுமென்று அனுப்புகிற அலைக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பதைப் போல், செயற்கைச் சந்திரனிலிருந்து கசிகிற அலைக்கும் கட்டுப்பாடு வைக்க வேண்டும். ஊட்டியிலும் புனாவுக்கு அருகிலும் பொதுமக்கள் பணத்தால் காது வைத்திருக்கிற இந்திய சர்க்கார், இதை உலகச் சபையில் வற்புறுத்தக் கடமைப்பட்டிருக்கிறது. வானம் எவனுடைய பாட்டன் சொத்துமல்ல. அதைக் கேட்கும் உரிமையை விலைக்கு விற்க யாருக்கும் பாத்தியமில்லை.

கடைசியாக நம் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்குக் குவாசர் என்ற பெயரை மாத்திரம் நெட்டுருப் போட வைத்தால் அது இன்னொரு சுலோகமாகத்தான் முடியும். 12-க்கும் 30-க்கும் கணக்குப் போட்டு 44 டிகிரி எப்படி வந்தது என்பதைத் தமிழில், கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு பொருளைப் பார்த்தவுடன் அதற்குப் பெயர் சூட்டி ஒதுக்கிவிடாமல், "நான் எங்கே நின்றுகொண்டு பார்க்கிறேன்?" என்று தன்னையே முதலில் கேட்டுக்கொள்ளுகிற பழக்கம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், அவனை வானத்தைக் காட்டி எந்த ஜோசியனும் ஏமாற்ற முடியாது.